செய்த கைக்கும் உரிமையில்லை. வாங்கிய கைக்கும் உரிமையில்லை!

2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் பக்கல் தில்லியிலிருந்து ஓர் ஆணை புறப்பட்டது. நடுவணரசின் தொலைத்தொடர்புத் துறை விடுத்த அவ்வாணை, இந்திய ஒன்றியத்தில் உருவாக்கப்படுவனவும் வெளியிலிருந்து இறக்கப்படுவனவுமாகிய கைப்பேசிகள் யாவற்றிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலியை முன்கூட்டியே பதித்து விற்றல் வேண்டும் என்றது. அதற்கு 90 நாள் கெடுவும் வைத்தது. முன்பே கடைகளுக்குச் சென்றுவிட்ட கைப்பேசிகளிலும் மென்பொருள் இற்றைப்பாட்டின் வழியாக அதனைப் புகுத்துமாறு சொன்னது. அச்செயலியின் செயற்பாட்டை முடக்குதலோ குறைத்தலோ கூடாது என்றும் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியவுடன், வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்று துறை அமைச்சர் மழுப்பினார். திசம்பர் 3-ஆம் பக்கல் கட்டாயம் கைவிடப்பட்டது.

ஐந்தே நாளில் வென்றோம் என்று மகிழ்ந்தவர் பலர். யாம் மகிழ்ந்தோமில்லை. ஆணையைப் பின்வாங்கிக்கொண்டனர், ஆயின் அத்தகையதோர் ஆணையைப் பிறப்பிக்க எங்ஙனம் இயன்றது என்னும் வினா அப்படியே நிற்கின்றது. ஒருவனது வீட்டுக்குள், அவனைக் கேளாமலே, ஓர் ஆளைக் குடிவைக்குமாறு அரசு மூன்றாவது ஒருவனுக்குக் கட்டளையிடுகின்றது என்று கொள்வோம். அக்கட்டளையை அம்மூன்றாமவனால் நிறைவேற்ற முடியும் என்றால், அதன் பொருள் யாது? வீட்டின் தாழ்க்கோல் வீட்டுக்காரனிடம் என்றுமே இருந்ததில்லை என்பதன்றோ? தமிழனின் சட்டைப்பைக்குள் இந்திப் பெயர் சூடிய காவலாள் ஒருவனை அனுப்பத் தில்லி துணிந்தது. அதற்குத் தமிழனிடம் இசைவு கேட்க வேண்டிய தேவையே அதற்கு எழவில்லை. நான்கைந்து நிறுவனங்களுக்கு மடல் விடுத்தாற் போதும்.

இக்கொடுமையின் முழு வடிவைக் காண விரும்புவார் தில்லிக்குப் போகவேண்டுவதில்லை. சென்னையிலிருந்து பெங்களூர்ப் பெருஞ்சாலையில் திருப்பெரும்பூதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கினாற் போதும். வழிப்போக்கர்க்குச் சோறும் படுக்கையும் தந்த அறவிடுதியின் பெயரால் விளங்கும் ஊர் அது. (பெயரின் பின்பாதி வடசொல்லாயினும் அதன் உள்ளம் தமிழுள்ளமே.) இன்று அவ்வூரைச் சுற்றி நிற்பன உலகக் கைப்பேசி வணிகத்தின் பெருங்கூடங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளைப் பூட்டித் தரும் பாக்சுகான் தொழிற்சாலை அங்கேதான் உள்ளது. குளிர்ப்பெட்டியும் தொலைக்காட்சியும் துணி வெளுக்கும் பொறியும் உருவாக்கும் சாம்சங் தொழிற்சாலை 2007 முதல் அங்கேதான் நிற்கின்றது. தெற்கே ஒரகடம் வரை உந்துவண்டித் தொழில். 2024–25-ஆம் கணக்காண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருள்களின் மதிப்பு ஏறத்தாழ 1,465 கோடி அமெரிக்கத் தாலர். இந்திய ஒன்றியத்தின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரு பங்கு. அமைச்சர்கள் இவ்வெண்ணை மேடைதோறும் முழக்குகின்றனர்.

எண்ணை முழக்குவோர் கைகளைப் பார்ப்பதில்லை. அக்கைகள் யாருடையவை? வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என ஊர் ஊராகத் திரட்டிக் கொணரப்பெற்ற தமிழ்ப் பெண்களின் கைகள். 2021 திசம்பரில், விடுதியிலுண்ட உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை புக, அவர்தம் தோழியர் இரவோடிரவாகப் பெருஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அதன் பின்னரே அவர்கள் படுத்துறங்கும் இடம் எத்தகையது என்று ஆட்சியாளர் எட்டிப் பார்த்தனர். 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குதற்குரிய விடுதி திறக்கப்பட்டது. நன்று, அதனை யாம் குறைகூறவில்லை. ஆனால் போராடிப் பெற்றது கட்டில் ஒன்றே.

சாம்சங் தொழிலாளர் கதை இதனினும் கூர்மையானது. 2024 செப்தம்பர் 9-ஆம் பக்கல் தொடங்கி அக்தோபர் 15 வரை 37 நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. ஆயின் போரின் முதன்மை வேட்கை தம் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பதே. நிறுவனம் அதற்குச் சொன்ன மறுப்பு யாது தெரியுமோ? சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்னும் சொல் வரலாகாது. அப்பெயர் எம் உடைமை என்றது! சட்டையில் அப்பெயரைப் பொறித்துக்கொண்டு நாள்முழுதும் உழைக்கலாம். தம் கூட்டமைப்புக்கு அப்பெயரை இடுதல் கூடாது. உயர் வழக்குமன்றம் வரை சென்று, 2025 சனவரி 27-ஆம் பக்கல்தான் அச்சங்கம் பதிவு பெற்றது. பொருளைச் செய்பவனுக்குப் பொருளின் பெயரிலும் பங்கில்லை என்னும் அளவுக்கு உடைமை வெறி முற்றியிருக்கும் இடத்தில், பொருளை வாங்குபவனுக்கு மட்டும் எதனை விட்டுவைப்பர்?

வாங்குபவன் நிலையைக் காண அவ்வூர்க் கடைத்தெருவுக்கே வருக. கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் எமக்கு ஒன்றைக் காட்டினார். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கைப்பேசிகள் இரண்டு. ஒன்று நீரில் விழுந்து கெட்டது. மற்றொன்றின் திரை உடைந்தது. கெட்டதன் நல்ல திரையை எடுத்து மற்றதிற் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது, உடனே, இவ்வுறுப்பு மெய்யானதெனத் தெரியவில்லை என்று கைப்பேசியே குற்றஞ்சாட்டியது, சில ஏந்துகள் நின்றுபோயின. அத்திரையும் அதே நிறுவனத்தார் செய்ததுதான். பின் ஏன் ஏற்கவில்லை? ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் எண்ணைப் பொறித்து, அவ்வெண்ணைத் தலைப்பலகையோடு மென்பொருளால் மணம்முடித்து வைத்திருக்கின்றனர். மணவிலக்கு வழங்கும் அதிகாரம் நிறுவனத்தின் கணிப்பொறிக்கே உண்டு. "கை வேலை எனக்குத் தெரியும் ஐயா, அவர்கள் இசைவை நான் எங்கே போய் வாங்குவது?" என்றார் அவ்விளைஞர். அவர் கடைக்கு நான்கு கல் தொலைவில், இத்தகைய உறுப்புகளை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பூட்டுகின்றாள் ஒரு தமிழ்ப்பெண். அவள் பூட்டினால் அது தொழில். அவள் தம்பி கழற்றிப் பூட்டினால் அது குற்றம்!

இன்னும் ஒன்றுண்டு, இது ஏழையர்மேல் விழுந்த தனித்தளை. திங்கட் சம்பளத்தை நம்பித் தவணைக்குக் கைப்பேசி வாங்குவோர் அப்பகுதியில் மிகப் பலர். கடன் கொடுப்போர் அக்கைப்பேசிக்குள் ஒரு பூட்டுச் செயலியைப் பதித்துக் கொடுத்தனர். தவணை தவறினால் எங்கிருந்தோ ஒருவன் விரலசைக்கக் கைப்பேசி கல்லாகிவிடும். 2024-இல் நடுவண் வைப்பகம் இவ்வழக்கத்தை நிறுத்துமாறு கடன் நிறுவனங்களிடம் கூறியது. 2025-இலோ, கடன்காரர் இசைவைப் பெற்றுக்கொண்டு பூட்டலாம் என அதே வைப்பகம் விதி வகுக்க எண்ணுவதாகச் செய்தி வெளிவந்தது. பழங்காலத்துக் கந்துவட்டிக்காரன்கூட வாயிலில் வந்து நின்றான், அவன் முகத்தையாவது பார்க்கலாம், கெஞ்சலாம், ஊரார் நாலுபேர் நயன் பேசலாம். கைப்பேசி பூட்டப்பட்டால், வேலைப்பேருந்து எப்பொழுது வரும் என்னும் செய்தி நிற்கும். ஊரிலுள்ள தாய்க்குப் பணம் விடுத்தல் நிற்கும். வேறு வேலை தேடவும் வழியிராது. கடனை அடைக்கவேண்டிய கையையே கட்டிவிட்டுக் கடனைக் கேட்கும் அறிவாண்மை இது! கடன் கொடுத்தவனுக்கு உரிமையில்லையா என்று கேட்பார் உளர். உண்டு, வழக்குமன்றமும் உண்டு. வழக்கும் விசாரணையுமின்றித் தானே தீர்ப்பளித்துத் தானே தண்டிக்கும் உரிமை எவனுக்கும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. கைப்பேசி என்பது கண்ணாடியும் மாழையும் மட்டுமன்று. அதனுள் ஓடும் மென்பொருளே அதன் உயிர். கண்ணாடியை நமக்கு விற்கின்றனர், உயிரை விற்பதில்லை. கைப்பேசியைத் திறந்தவுடன் பல பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் உடன்படிக்கை விரிந்து, கீழே 'ஒப்புகிறேன்' என்னும் பொத்தானோடு நிற்கின்றதே, அதனைப் படித்தவர் எத்துணைப்பேர்? மென்பொருள் உமக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகின்றது என்று அதில் அவர்கள் எழுதி வைத்துள்ளனர். அஃதாவது, முழு விலையும் கொடுத்தபின் நாம் குடிக்கூலிக்காரராகவே இருக்கின்றோம்.

இவ்வுரிமத் தந்திரம் திருப்பெரும்பூதூர் மண்ணிலேயே ஒருமுறை பல்லாயிரம் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. இளையோர் பலர் இதனை மறந்தனர். எனவே சற்று விரித்துரைப்போம்.

2006-இல் அங்கு நோக்கியா தொழிற்சாலை தொடங்கிற்று. நிலமும் மின்னாற்றலும் வரிவிலக்கும் வாரி வழங்கப்பட்டன. உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர்; உறுப்புகள் வழங்கிய சூழ்நிறுவனங்களில் இன்னும் பல்லாயிரவர். 2013 சனவரியில் நடுவணரசின் வருமானவரித் துறையினர் உள்ளே புகுந்தனர். குற்றச்சாட்டு கண்ணாடியைப் பற்றியதன்று, மின்கலத்தைப் பற்றியதுமன்று. பின்லாந்திலிருந்த தாய்நிறுவனம் கைப்பேசிக்குள் பதிக்கும் மென்பொருளை அனுப்பியது; அதற்கென இங்குள்ள கிளைநிறுவனம் தாய்க்குப் பணம் விடுத்தது. அப்பணம் ஆக்கவுரிமையைப் பயன்படுத்தியதற்கான பங்குத்தொகை. ஆகவே அதில் வரி பிடித்துக் கட்டியிருத்தல் வேண்டும் என்றது துறை. உருபா 2,080 கோடி கேட்டது. நிறுவனமோ, அஃது உரிமைக்குத் தந்த பணமன்று. ஏனை உறுப்புகளைப்போல் மென்பொருளையும் ஒரு பண்டமாக வாங்கியதற்குத் தந்த விலையே என்று வாதிட்டது. போதாக்குறைக்குத் தமிழக அரசும் விற்பனைவரி என்று 2014-இல் உருபா 2,400 கோடிக்கு ஓலை நீட்டியது.

நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்கிரோசாப்ட்டு வாங்கியது. 2014 ஏப்பிரலில் கைமாற்று முடிந்தபோது, வழக்கில் சிக்கி முடக்கப்பட்டிருந்த திருப்பெரும்பூதூர்த் தொழிற்சாலை மட்டும் விடுபட்டது. பெயர் போயிற்று, மென்பொருள் போயிற்று, ஆக்கவுரிமைகள் போயின, சுவரும் பொறிகளும் தொழிலாளரும் இங்கே நின்றனர். சில திங்கள் கூலிக்குச் செய்து கொடுத்தனர். பின்னர் மைக்கிரோசாப்ட்டு வேலை கொடுப்பதை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ஆம் பக்கல் உற்பத்தி நின்றது. வரி வழக்கை 2018-இல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடித்துக்கொண்டன. நிறுவனம் பணம் கட்டிற்று. வேலையிழந்த பெண்களைப் பற்றி அப்பேச்சில் எவரும் பேசியதாக யாம் கேள்விப்படவில்லை. வரி கேட்டது தவறென்று யாம் சொல்லவரவில்லை. யாம் சொல்வது இது: கையாற் செய்ததெல்லாம் இங்கே இருந்தும், கண்ணுக்குத் தெரியாத நிரல் ஒன்று அயலான் உடைமையாக இருந்தமையால், அவன் எழுந்து போனபோது தொழிற்சாலை வெறும் கொட்டகையாயிற்று.

இக்கதையின் மறுபாதி 2021 மார்ச்சு 2-ஆம் பக்கல் உச்ச வழக்குமன்றத்தில் நிகழ்ந்தது. வேறு பல நிறுவனங்களின் வழக்குகளைச் சேர்த்துக் கேட்ட அம்மன்றம், உரிம உடன்படிக்கையின் கீழ் வெளிநாட்டாரிடமிருந்து மென்பொருள் வாங்குவதற்குத் தரும் பணம் ஆக்கவுரிமைப் பங்குத்தொகை ஆகாது என்று தீர்த்தது. வாங்கியவர்க்குக் கிடைப்பது பயன்படுத்துதற்குரிய ஒரு படியே. ஆக்கவுரிமையில் எள்ளளவும் அவர்க்கு வருவதில்லை. ஆகவே அது பண்ட விற்பனை போன்றது. உரிமைக்கான வரி அதற்கில்லை என்பது அதன் கருத்து. வரிச்சட்ட நுணுக்கத்தை யாம் மறுக்கவில்லை. ஆயின் படிப்பவர் இரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க. வரிக்காரன் வாயிலில் வந்து நின்றால், 'இது விற்பனை; பண்டத்தை விற்றோம்; பணத்தைப் பெற்றோம்; அவ்வளவே' என்கின்றனர். வாங்கியவன் வந்து, 'விற்றது உண்மையானால் என் கருவியை நான் திறப்பேன், மாற்றுவேன், நீக்குவேன்' என்றால், 'விற்கவில்லை. உரிமமே தந்தோம்' என்கின்றனர். ஒரே பொருள், ஒரே விலை, ஒரே நாள். அரசுக்கு முன் விற்பனை, குடிமகனுக்கு முன் வாடகை! இரட்டை நாக்கு என்பது இதுதான். இரண்டுள் ஒன்றை அவர்கள் தெரிந்தெடுக்கட்டும் என்றுகூடக் கேளாத அரசுகள் நமக்கு வாய்த்துள்ளன.

இவ்வுரிமத்தை அவர்கள் வெறும் ஏட்டளவில் வைத்திருக்கவில்லை, பயன்படுத்தியும் காட்டியுள்ளனர். 2009 சூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற நூலொன்றை, வாங்கியவர்தம் படிப்புக் கருவிகளிலிருந்து அவரறியாமல் அழித்தது. அழிக்கப்பட்டது யாது? ஆர்வெல் எழுதிய '1984'! கதையில் வரும் கொடுங்கோன்மையே கதையின்மீது பாய்ந்தது. பழைய கைப்பேசிகளின் விரைவை இற்றைப்பாட்டின் வழியாகத் தானே குறைத்ததை 2017 திசம்பரில் ஆப்பிள் ஒப்பிப் பொறுத்தருள வேண்டிற்று. தேய்ந்த மின்கலத்தால் கைப்பேசி திடுமென அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்தோம் என்றது. இருக்கலாம், அப்படியாயின் உடையவனிடம் சொல்லிவிட்டன்றோ செய்திருக்கவேண்டும்? கைப்பேசி தளர்ந்ததென்று எண்ணிப் புதிது வாங்கியோர் எத்துணைப்பேரோ! 2020-இல் அமெரிக்காவில் 50 கோடித் தாலர் வரை இழப்பீடு தர இணங்கி வழக்கை முடித்தது அந்நிறுவனம்.

"பூட்டெல்லாம் காப்புக்காக, பூட்டில்லையேல் கள்வனும் கரவனும் புகுவர்" என்பது அவர்தம் விடை. நம்மவருள்ளும் படித்தவர் சிலர் இதனை அப்படியே ஒப்பிக்கின்றனர். கதவுக்குத் தாழ் வேண்டா என்று எவர் சொன்னார்? தாழை இறுகப் போடுக. தாழ்க்கோலை வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போக என்பதே எம் கேட்பு. தாழ்க்கோல் நிறுவனத்திடம் இருக்கும்வரை, அரசு அதனைக் கேட்கும், கடன்காரன் கேட்பான், நாளை எவனெவனோ கேட்பான். சஞ்சார் சாத்தி ஆணையும் கள்வனைப் பிடிக்கவென்றே வந்தது என்பதை மறவற்க.

"நிறுவனங்களை வருத்தினால் வேலை போய்விடும்" என்பது மற்றொரு பூச்சாண்டி. நோக்கியாவை எவரும் உரிமை கேட்டு வருத்தவில்லை; தலைமேல் வைத்துத் தாங்கினோம்; போகவில்லையா? மேலும், உரிமை கேட்டவர் நாட்டை விட்டு இந்நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. அமெரிக்காவிலுள்ள ஓரிகன் என்னும் மாநிலம், உறுப்புகளை மென்பொருளாற் பிணைத்துப் பழுதுபார்ப்பைத் தடுக்கும் மேற்சொன்ன வழக்கத்தை 2024-இல் சட்டத்தாலேயே தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் பழுதுபார்ப்புரிமைக்கு நெறிமுறை வகுத்தது. இந்திய நடுவணரசு 2022 சூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு திசம்பரில் ஒரு வலைவாயில் திறந்தது. விருப்பமுள்ள நிறுவனங்கள் அதில் தம் விளத்தங்களை இடலாமாம்! ஓரிகன் ஒரு மாநிலந்தான். தமிழ்நாடும் ஒரு மாநிலந்தான். அதன் மக்கள்தொகை நம் மக்கள்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கும் தேறாது. அவர்கள் ஊரில் அக்கைப்பேசிகள் பூட்டப்படுவதுமில்லை. இருந்தும் அவர்களால் இயன்றது. நம்மால் இயலாமைக்குக் கரணியம், ஆளும் உரிமை நம்மிடம் இல்லாமை ஒன்று. இருக்கின்ற சிறிதளவு உரிமையையும் பயன்படுத்த நெஞ்சுரமில்லாத கட்சிகள் மாறி மாறி அமர்தல் மற்றொன்று.

இனி, மொழிக்கு வருவோம். தமிழன் கைப்பேசியில் தமிழே எங்ஙனம் குடியிருக்கின்றது? ஒருங்குறி என்று நாம் அழைக்கும் எழுத்தட்டவணையில் தமிழுக்கு 128 அறைகள் ஒதுக்கப்பட்டன. 1991-இல் அவ்வட்டவணை வெளியானபோது, தில்லி வகுத்திருந்த 1988-ஆம் ஆண்டு 'இசுக்கி' அட்டவணை அப்படியே அதற்கு அடிமனையாயிற்று. தில்லியின் அட்டவணையோ நாகரி வரிசையைத் தழுவியது. விளைவு என்ன? ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று அறைகள் வெற்றறைகளாகக் கிடக்கின்றன. வடமொழியின் வருக்க எழுத்துகள் அமர வேண்டிய இருக்கைகளாம் அவை. தமிழில் அவை இல்லாமையால், வராத விருந்தினர்க்கு இலைபோட்டு வைத்ததுபோல் வெறுமையாய்க் கிடக்கின்றன! னகரம் நம் நெடுங்கணக்கின் இறுதியெழுத்து என்பதைச் சிறுபிள்ளையும் அறியும்; அங்கே அது நகரத்தை அடுத்து இடையில் செருகப்பட்டுள்ளது. ழகரத்துக்குப் பின்னர் வகரம் வருகின்றது. இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணத்தின் உயிர்நாடி. அவ்வட்டவணையிலோ 'க' முதலெழுத்து. அதன்மேற் புள்ளியைத் தனியே ஏற்றினால்தான் 'க்' பிறக்கும். தாய்க்குப் பிள்ளையைத் தாயாக்கிய கதை!

இதனைத் திருத்தவே அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்றைத் தமிழறிஞர் வகுத்தனர். 2010-இல் தமிழக அரசு அதற்கு ஆணையும் பிறப்பித்தது. ஒருங்குறிச் சேர்த்தியமோ ஒருமுறை அமர்த்திய எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்னும் விதியைக் காட்டி, முதன்மை அட்டவணையில் அதற்கு இடந்தரவில்லை. அச்சேர்த்தியத்தின் வாக்காளர் பெரும்பாலோர் யார்? நாம் மேலே கண்ட அதே பெருநிறுவனங்கள். அதே 2010-இல், தமிழோடு கிரந்த எழுத்துகள் 26-ஐச் சேர்க்கவேண்டும் என்னும் முன்மொழிவு அங்கே சென்றது. தமிழறிஞர் கொதித்தெழுந்தமையாலும் தமிழக அரசு மறுப்புத் தெரிவித்தமையாலும் அது தடைப்பட்டது. அப்போது விழித்திருந்தோம், ஆதலின் தப்பினோம். 1988-இலும் 1991-இலும் விழித்திருக்கவில்லை. ஆதலின் இன்றுவரை வெற்றறைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

இவ்விடத்தில் நம்மை நாமே சற்றுக் கடிந்துகொள்ளுதல் வேண்டும். கைப்பேசி என்பதா, செல்பேசி என்பதா, அலைபேசி என்பதா என்று இருபது ஆண்டுகளாக மடல் எழுதிக்கொண்டிருக்கின்றோம். சொல்லாக்கம் வேண்டும், அதனை இழித்துரைக்க எமக்கு மனமில்லை, இவ்விதழே அப்பணிக்கெனத் தோன்றியது. ஆயினும், பெயரைத் தமிழாக்கிவிட்ட மகிழ்ச்சியில், பெயரிட்ட கருவியின் ஆணை எவன் கையில் என்று கேட்கத் தவறினோம். அடிமைக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டினால் அவன் உரிமைக்குடிமகன் ஆகிவிடுவானா?

நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள்கள் பல்லாண்டுகளாக உள்ளன. அவற்றைத் தமிழாக்கிய இளைஞர் பலர், ஊதியம் வாங்காமல், பெயரும் பெறாமல் இரவிரவாக உழைத்துள்ளனர். அவர்களை நம் மேடைகளுக்கு ஒருநாளும் அழைத்தோமில்லை. சேரநாட்டார் தம் அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே இயக்கி வருகின்றனர். ஒவ்வொரு பொறிக்கும் உரிமக் கப்பம் கட்டும் இழிவு அவர்க்கில்லை. சென்னையிலேயே நடுவணரசின் கணிப்பொறி நடுவம் ஒரு கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அதற்கும் 'பாரத்' என்றே பெயர்! தமிழகத்தில் உழைத்தாலும் தமிழ்ப்பெயர் அதற்கு வாய்க்கவில்லை.

தமிழக அரசோ 2011 செப்தம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2025–26-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும், கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு ஈராண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. இருபது இலக்கம் கருவிகளை ஒருசேர வாங்குபவன் சிறுகடைக்காரன் அல்லன். அவன் சொல்வதை உலகின் எந்நிறுவனமும் கேட்டே தீரவேண்டும். உறுப்பு மாற்றுவதைத் தடுக்கும் பூட்டு எதிலும் இருத்தலாகாது. பதிந்து வரும் எச்செயலியையும் உடையவர் நீக்குமாறு இருத்தல் வேண்டும். இயங்குதளத்தை மாற்றும் தாழ்க்கோல் மாணவர் கையிலேயே தரப்படுதல் வேண்டும். மேலிருந்து கீழ்வரை தமிழில் இயங்குதல் வேண்டும் என்னும் நான்கு நெறிகளை விலைப்புள்ளி ஓலையிலேயே எழுதிவிட யார் தடை? சிப்காட்டில் நிலம் தரும்போதும் மின்கட்டணச் சலுகை தரும்போதும், இங்கே பூட்டப்படும் கருவிகளின் பழுதுபார்ப்புக் கையேடும் உறுப்புகளும் இங்குள்ள சிறு கடைக்காரர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க யார் தடை? இதற்குத் தில்லியின் இசைவும் வேண்டுவதில்லை.

சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால், திருப்பெரும்பூதூர்ப் பகுதிகளிலுள்ள நம் அன்பர்கள் ஒரு பணி செய்தல் வேண்டும். தவணைப் பூட்டினால் கைப்பேசி முடங்கியவர், உறுப்புப் பிணைப்பினால் பழுதுபார்க்க இயலாது திரும்பிய கடைக்காரர் ஆகியோரைக் கண்டு, நிகழ்ந்த நாள், வாங்கிய விலை, எஞ்சிய கடன், முடங்கியிருந்த நாள்கள் ஆகியவற்றை எழுதித் திரட்டி, அடுத்த திங்கள் 20-ஆம் பக்கலுக்குள் இதழ் முகவரிக்கு விடுத்தல் வேண்டும். தொழிலாளர் பெயரோ பணியிடமோ வெளியிடப்படா. திரட்டியவற்றைத் தொழில்துறை அமைச்சரிடம் நேரிற் கொண்டுசெல்லும் குழுவில், மேற்சொன்ன கடைத்தெரு இளைஞரும் வருவதாக ஒப்பியுள்ளார். அந்த இரண்டு கைப்பேசிகளையும் கையோடு கொண்டுவருவார்.